வீட்டில் ஒரு டர்போபிராப்: எதைத் தேர்ந்தெடுப்பது?

நிறுத்தி வைத்திருக்கும் சிறிய டர்போபிராப் விமானத்தின், அதாவது டர்பைன் எஞ்சினால் புரொப்பல்லரைச் சுழற்றும் விமானத்தின், அருகே போனால் நான் முதலில் பார்ப்பது புரொப்பல்லரின் பிளேடுகளைத்தான். அவை மெல்லிய விளிம்பை முன்பக்கம் காட்டிக் கத்தி போல நின்றால், உள்ளே இருப்பது பெரும்பாலும் பிராட் அண்ட் விட்னி கனடாவின் பி.டி.6. அகலமான முகத்தைக் காட்டித் தட்டையாக நின்றால், கேரட் நிறுவனம் உருவாக்கி இன்று ஹனிவெல் பெயரில் வரும் டி.பி.இ.331. எஞ்சினை அணைத்ததும் பி.டி.6இல் எண்ணெய் அழுத்தம் இறங்கிவிடும். ஸ்பிரிங்கும் எதிரெடைகளும் பிளேடுகளை ஃபெதர் நிலைக்கு, அதாவது காற்றுக்கு விளிம்பை மட்டும் காட்டும் அந்தக் கத்தி நிலைக்கு, தள்ளிவிடும். டி.பி.இ.331இல் பிளேடுகளைத் தட்டையாகவே பிடித்து வைப்பதற்கென்று சிறு பூட்டுகள் உண்டு. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது பிளேடுகள் காற்றோடு மல்லுக்கட்டாமல் எளிதாகச் சுழல வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு.

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகச் சிமுலேட்டர் வாங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: மைக்ரோசாஃப்டா, எக்ஸ்-பிளேனா? பிஸ்டன் எஞ்சின் வைத்த சிறிய செஸ்னாவை ஓட்டத்தான் ஆசை என்றால் அந்தக் கேள்வி போதும். டர்போபிராப் மேல் ஆசை இருக்கிறதென்றால் நான் வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் எந்த வகை எஞ்சினைப் பழக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அடுத்து, அந்த எஞ்சினைச் சரியாகச் செய்திருக்கும் விமானத்தைத் தேடுங்கள். அந்த விமானம் எந்தச் சிமுலேட்டரில் ஓடுகிறதோ அதை வாங்குங்கள். பல ஆண்டுகளாக இவற்றை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது. பி.டி.6இல் காற்று பின்பக்கமாக நுழைந்து முன்னோக்கி ஓடும். கம்ப்ரசரைச் சுழற்ற ஒரு டர்பைன், புரொப்பல்லரைச் சுழற்ற இன்னொரு டர்பைன். இரண்டையும் இணைக்கும் தண்டு எதுவும் கிடையாது; நடுவே ஓடும் சூடான வாயுதான் இணைப்பு. அதனால்தான் விமானியின் முன்னால் நான்கு முள்கள்: கம்ப்ரசர் பக்கத்தின் வேகத்தைக் காட்டும் என்.ஜி., புரொப்பல்லரின் வேகம், தண்டில் ஏறும் முறுக்குவிசையான டார்க், இரண்டு டர்பைன்களுக்கும் இடையே வாயுவின் வெப்பத்தைக் காட்டும் ஐ.டி.டி. ஒரு முள் அசைந்தால் மற்ற மூன்றும் அதனதன் காரணத்தோடும் அதனதன் தாமதத்தோடும் அசைய வேண்டும். செஸ்னா காரவன், கிங் ஏர், டுவின் ஆட்டர், பிலாட்டஸ் பி.சி.12, டி.பி.எம். என்று பெரிய குடும்பமே இந்த எஞ்சினை நம்பிப் பறக்கிறது. இலங்கையில் சினமன் ஏர் ஓட்டும் காரவன்களிலும் மாலத்தீவில் தண்ணீரில் இறங்கும் டுவின் ஆட்டர்களிலும் இருப்பது இதுதான்.

டி.பி.இ.331 வேறு பிறவி. கம்ப்ரசர், டர்பைன், கியர்பெட்டி, புரொப்பல்லர் எல்லாம் ஒரே தண்டில் கோத்தவை. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்திய நொடியே புரொப்பல்லரும் சுழலத் தொடங்கிவிடும். பறக்கும்போது எஞ்சின் எப்போதும் ஏறக்குறைய முழு வேகத்திலேயே ஓடும். விமானி லீவரைத் தள்ளினால் எரிபொருள் கூடும், வேகம் கூடாமல் இருக்கப் பிளேடுகள் காற்றை இன்னும் ஆழமாகக் கடிக்கும். மிட்சுபிஷி எம்.யூ.2, மெட்ரோலைனர், ஜெட்ஸ்ட்ரீம் ஆகியவை இந்த இனம். நமக்கு நெருக்கமான உதாரணம் டோர்னியர் 228: கான்பூரில் ஹெச்.ஏ.எல். உரிமம் பெற்றுக் கட்டுவது, நம் கடற்படையும் கடலோரக் காவல் படையும் பயன்படுத்துவது. தரையில் அது எழுப்பும் கூர்மையான ஓசையை ஒருமுறை கேட்டவருக்கு மறக்காது.

இரண்டு எஞ்சின்களும் ஒரே ஓடுபாதையில் இறங்குவதைப் பார்க்க நேபாளத்தின் லுக்லாவை நினைத்துக்கொள்ளலாம். 2,845 மீட்டர் உயரம், 527 மீட்டர் நீளம், மேலே மலை, கீழே பள்ளத்தாக்கு. டுவின் ஆட்டரும் அங்கே போகிறது, டோர்னியர் 228உம் போகிறது. கடைசி நொடிகளில் கொஞ்சம் சக்தி தேவைப்பட்டால் டோர்னியரில் அது உடனே கிடைக்கும், ஏனென்றால் எஞ்சின் ஏற்கெனவே வேகத்தில் இருக்கிறது. டுவின் ஆட்டரில் லீவரை அடிவரை இழுத்துவிட்டிருந்தால் என்.ஜி. ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே அனுபவமுள்ள விமானி அதை அடிவரை இழுக்கமாட்டார். இந்த ஒரு வித்தியாசத்தை உங்கள் சிமுலேட்டர் காட்டவில்லையென்றால், அதில் எத்தனை வகை விமானங்கள் இருந்தும் ஓட்டுவது ஒரே எஞ்சினைத்தான்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஏ.டி.ஆர். 72இல் போனவர்கள் பி.டபிள்யூ.127 எஞ்சினின் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அதில் கம்ப்ரசர் பக்கமே இரண்டு தண்டுகள், புரொப்பல்லருக்குத் தனியாக மூன்றாவது. புரொப்பல்லர் தனி என்பதால் இந்த விமானத்தில் ஓர் அழகான வசதி: தரையில் நிற்கும்போது வலது புரொப்பல்லரைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிட்டு மின்சாரமும் குளிர்காற்றும் எடுத்துக்கொள்ளலாம். ஹோட்டல் மோட் என்பார்கள். அதற்கென்று வாலில் தனியாக ஒரு சிறு எஞ்சினைச் சுமக்க வேண்டியதில்லை.

இனி, கடையில் விற்கும் பெட்டியை எப்படிச் சோதிப்பது? எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். டார்க்கை அடி-பவுண்டிலும் புரொப்பல்லர் வேகத்தை நிமிடச் சுற்றிலும் எடுத்து, பெருக்கி, 5,252ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வர வேண்டும். மைக்ரோசாஃப்டோடு வரும் கிராண்ட் காரவன் இ.எக்ஸ். விமானத்தின் உச்ச டார்க் 2,397, வேகம் 1,900. கணக்குப் போட்டால் 867. உண்மையான எஞ்சினுக்குச் சொல்லப்படும் திறனும் அதே 867தான். பழைய காரவனின் 1,865ஐ எடுத்தால் 675 வரும், அதுவும் சரி. உச்சத்தில் எண்கள் பொருந்துவது பெரிய காரியமில்லை, அதைச் செய்யாத தயாரிப்பாளர் அரிது. அடுத்த படிதான் முக்கியம். சீராகப் பறக்கும்போது 1,900 சுற்றில் டார்க்கை 1,500இல் வையுங்கள். பவர் லீவரைத் தொடாமல் புரொப்பல்லர் லீவரை மட்டும் இழுத்து 1,600 சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். வாயு கொடுக்கும் சக்தி ஏறக்குறைய அதேதான், வேகம் குறைந்துவிட்டது. ஆகவே டார்க் ஏற வேண்டும், கிட்டத்தட்ட 1,780 வரை. ஏறினால் அந்த விமானத்துக்குள் தண்டு இணையாத டர்பைன் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. டார்க் அசையாமல் நின்றாலோ இறங்கினாலோ, முள்ளை மட்டும் வரைந்திருக்கிறார்கள்.

புறப்படும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். ஓடுபாதையில் நின்றபடி டார்க்கை உச்சத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்துவிட்டு லீவரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். வேகம் கூடக்கூட எஞ்சினின் வாய்க்குள் காற்று அழுத்தமாக நுழையும், டார்க் தானாகவே கொஞ்சம் மேலே போகும். இதை அறிந்துதான் விமானிகள் முதலிலேயே சிறிது இடம் விட்டு வைக்கிறார்கள். பிறகு வானிலையை மாற்றுங்கள். 15 டிகிரியில் ஒருமுறை, மே மாதச் சென்னையின் 40 டிகிரியில் ஒருமுறை. குளிரில் டார்க் முள்தான் முதலில் சிவப்புக் கோட்டைத் தொடும், ஐ.டி.டி.க்கு இன்னும் இடம் மிச்சமிருக்கும். வெயிலில் அதே டார்க்குக்கு ஐ.டி.டி. மேலே நிற்கும். உயரே ஏற ஏற டார்க் இறங்கிக்கொண்டே போகும். விமானி லீவரை மெல்ல மெல்லத் தள்ளி ஈடுகட்டுவார். ஓர் உயரத்துக்கு மேல் தடுப்பது ஐ.டி.டி.யாக இருக்கும். எந்தக் கோடு எப்போது குறுக்கே வரும் என்று தெரிந்து ஓட்டுவதுதான் டர்போபிராப் ஓட்டுவது. எல்லா வானிலையிலும் டார்க் மட்டுமே தடையாக இருக்கும் விமானம் எனக்குச் சீக்கிரம் சலித்துவிடும்.

ஸ்டார்ட் செய்வதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் அங்கேதான் பிரிகின்றன. பழைய காரவனின் நடைமுறை இது: ஸ்டார்ட்டரைப் போடுங்கள், என்.ஜி. குறைந்தது 12 சதவீதத்தில் நிலைக்கட்டும், பிறகுதான் எரிபொருள் லீவரை முன்னே தள்ள வேண்டும். தீப்பிடித்ததும் ஐ.டி.டி. பாயும். 1,090 டிகிரி வரை போகலாம், அதுவும் இரண்டு நொடிதான். என்.ஜி. ஏறினால் உள்ளே வரும் காற்று கூடி வெப்பத்தை அடக்கும். 52 சதவீதத்தில் ஸ்டார்ட்டரை அணைத்துவிடலாம். இதற்கிடையே புரொப்பல்லர் ஃபெதர் நிலையிலேயே சோம்பலாகச் சுழலத் தொடங்கி, எண்ணெய் அழுத்தம் வந்த பிறகே பிளேடுகளைத் திருப்பும். எல்லாம் பேட்டரியில் தொடங்குகிறது. பேட்டரி சோர்ந்திருந்தால் கம்ப்ரசர் மெதுவாகச் சுழலும், காற்று போதாது, எரிபொருள் மட்டும் வழக்கம்போல் வரும், உள்ளே எல்லாம் வேகும்.

முந்தைய நாளின் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு விமானத்தில் எனக்கே இது நடந்தது. இரவு அவசரமாக எழுந்துபோனபோது பேட்டரி சுவிட்சை அணைக்க மறந்திருக்கிறேன். மறுநாள் ஸ்டார்ட்டரைப் போட்டால் என்.ஜி. 9, 10 என்று இழுத்து இழுத்து ஏறி 11இல் நின்றுவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு சதவீதம்தானே என்று லீவரைத் தள்ளினேன். ஐ.டி.டி. முள் 700, 800, 900 என்று ஓட, என்.ஜி. 20களில் தவித்துக்கொண்டிருந்தது. லீவரைப் பின்னால் இழுப்பதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டது. எஞ்சின் எரிந்துபோகவில்லை. அன்று மாலை, இன்னொரு முறை ஒழுங்காக ஸ்டார்ட் செய்து பறந்தபோது, வழக்கமாகக் கிடைக்கும் டார்க்குக்கு ஐ.டி.டி. முன்பைவிட மேலே நின்றது. டர்பைனின் பிளேடுகள் கொஞ்சம் தேய்ந்துவிட்டன என்பதை அந்த விமானம் அப்படிச் சொன்னது. எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கற்றுத் தந்ததில்லை. அன்றிலிருந்து பேட்டரி வோல்ட்டைப் பார்க்காமல் நான் ஸ்டார்ட்டரைத் தொடுவதில்லை.

சரி, பெட்டிகளுக்கு வருவோம்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் வந்தபோது அதோடு வந்த டர்போபிராப்கள் காரவன், கிங் ஏர் 350i, டி.பி.எம். 930. நிலமும் மேகமும் பார்த்து உலகமே வாய்பிளந்தது. எஞ்சின் பக்கம் அத்தனை மகிழ்ச்சி இல்லை. தரையில் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த சக்தியில், விட்டாலே வேகமெடுத்து ஓடுகிறது, பிரேக்கிலேயே கால் வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது பலர் சொன்ன குறை. இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: உண்மையான காரவனும் ஐடிலில் சும்மா நிற்காது, அதுவும் வேகமெடுக்கத்தான் செய்யும். விமானி பிரேக்கைத் தேய்க்காமல், பவர் லீவரை ஐடிலுக்குக் கீழே பீட்டா பகுதிக்குக் கொண்டுபோய்ப் பிளேடுகளைத் தட்டையாக்கி வேகத்தை அடக்குவார். ஆகவே சோதிக்க வேண்டியது ஓடுகிறதா என்பதை அல்ல. லீவரை இரண்டு விரற்கடை பின்னால் இழுத்தால் அந்த இழுவை மெல்லக் குறைந்து, விமானம் நடைவேகத்துக்கு வந்து, அங்கேயே நிலைக்கிறதா என்பதை. பீட்டா என்பது அளந்து கொடுக்க வேண்டிய ஒன்று. ஒரேயடியாகப் பின்னோக்கித் தள்ளும் சுவிட்சாக அது இருக்கக் கூடாது.

பிறகு வந்த மேம்பாடுகளில் பல விஷயங்கள் சரியாகின. ஆனாலும் இந்தச் சிமுலேட்டரின் அடிப்படை மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்.எஸ்.எக்ஸ். வழிவந்தது. எஞ்சினின் குணத்தை ஒரு கோப்பில் அட்டவணைகளாக எழுதி வைப்பார்கள். இந்த வேகத்தில் இவ்வளவு, இந்த உயரத்தில் இவ்வளவு என்று கணினி அதைப் பார்த்துச் சொல்லும். அட்டவணையை எழுதியவர் எவ்வளவு கவனமாக எழுதினாரோ அந்த அளவுக்குத்தான் உண்மை. உடன் வரும் விமானங்களை ஊர் சுற்றிப் பார்க்கவும் கருவிகளைப் பழகவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எஞ்சினுக்காக மட்டும் வாங்குவதென்றால் அவை போதா.

அதே சிமுலேட்டருக்குள் நிலைமை மாறுவது, எஞ்சின் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளும் தயாரிப்பாளர்கள் வந்த பிறகு. பிளாக் ஸ்கொயரின் டி.பி.எம். 850தான் பி.டி.6 பழக ஆசைப்படுபவருக்கு நான் சொல்லும் முதல் பெயர். பேட்டரி, ஸ்டார்ட்டர், வெப்பம், தேய்மானம் எல்லாம் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. தவறாக நடத்தினால் நினைவில் வைத்துக்கொள்கிறது. டி.பி.எம். 850 என்ற தேர்வே எனக்குப் பிடித்தது. அந்த எஞ்சினில் 850 குதிரைத்திறன் இருந்தாலும் புறப்படும்போது 700தான் அனுமதி. ஃபிளாப்பை மேலே இழுத்து 850 நிலைக்குப் போன பிறகே மிச்சம் கிடைக்கும். லீவரை முழுக்கத் தள்ளினால் அளவோடு கொடுக்கும் கணினி அதில் இல்லை. கை தவறினால் டார்க் கோட்டைத் தாண்டும். இன்றைய பி.சி.12 என்.ஜி.எக்ஸ். போன்றவற்றில் மின்னணுக் கட்டுப்பாடு ஸ்டார்ட்டையும் வெப்பத்தையும் தானே பார்த்துக்கொள்கிறது. விமானிக்கு அது வரம். எஞ்சினைப் படிக்க வந்தவருக்கு அங்கே படிக்க ஒன்றும் மிஞ்சாது. பழைய விமானத்தை எடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. இப்படித் தனியாகக் கணக்குப் போடும் விமானங்களிலும் முள்கள் அவர்கள் கணக்குப்படி அசைய, புரொப்பல்லர் காற்றில் உண்டாக்கும் இழுப்பும் தடையும் சிமுலேட்டரின் கையிலேயே இருக்கக்கூடும். அதைப் பிடிக்க ஓர் எளிய வழி: இறங்கி வரும்போது 120 நாட்ஸ் வேகத்தில் பவர் லீவரை ஐடிலுக்கு இழுங்கள். வேகமாகச் சுழலும் தட்டையான பிளேடுகள் முன்னால் ஒரு பெரிய தட்டுப் போலக் காற்றைத் தடுக்கும். மூக்கு கனத்து, வேகம் பட்டென்று விழ வேண்டும். கிளைடர் மாதிரி மிதந்துகொண்டே போனால், முள்கள் எவ்வளவு அழகாக ஆடினாலும் புரொப்பல்லர் பொய். கூடவே, உண்மையான விமானத்தின் கையேட்டில் உள்ள ஏறும் வேக அட்டவணையை எடுத்து, அதே எடை, அதே உயரம், அதே வெப்பத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். முள்ளும் ஏற்றமும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

இந்தப் புரொப்பல்லர் விஷயத்தில்தான் எக்ஸ்-பிளேன் என் நம்பிக்கையைப் பெற்றது. அது பிளேடைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று பார்த்து, விசைகளைக் கூட்டுகிறது. ஐடிலில் எழும் தடையும் பீட்டாவில் குறையும் இழுப்பும் பின்னோக்கித் தள்ளும் விசையும் தனித்தனி அட்டவணைகளாக இல்லாமல் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன. உடன் வரும் கிங் ஏர் சி.90பி.யை ஐடிலுக்கு இழுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அதைவிட முக்கியம், விமானத்தை வடிவமைக்கும் இடத்திலேயே தனி டர்பைனா, ஒரே தண்டா என்று அது கேட்கிறது. அதாவது நான் முதல் பத்தியில் சொன்ன இரண்டு இனங்களும் அந்தச் சிமுலேட்டருக்குத் தெரியும்.

ஆகவே டி.பி.இ.331 வேண்டுமென்றால் என் பதில் எக்ஸ்-பிளேன்தான், விமானம் டோகா சிமுலேஷன்ஸின் எம்.யூ.2. அதில் மட்டுமல்ல, இந்த எஞ்சின் வைத்த எந்த விமானத்திலும் நீங்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஸ்டார்ட் செய்த பிறகு, பிளேடுகளைப் பிடித்திருக்கும் பூட்டுகளை விடுவிக்க விமானி லீவரைப் பின்னால், ரிவர்ஸ் பகுதிக்குள் ஒருமுறை இழுத்துவிட வேண்டும். வேண்டுமென்றே அதைச் செய்யாமல் லீவரை முன்னே தள்ளுங்கள். பிளேடுகள் தட்டையாகவே மாட்டிக்கொண்டிருப்பதால் விமானம் நகரக் கூடாது. எதுவும் நடக்காததுபோல் ஓட ஆரம்பித்தால், பூட்டு என்று ஒன்று இருப்பதே அந்த விமானத்துக்குத் தெரியாது. அணைக்கும்போதும் பாருங்கள்: வேகம் இறங்கிக்கொண்டிருக்கையில் லீவரை ரிவர்ஸில் பிடித்திருந்தால்தான் பூட்டுகள் விழும். மறந்தால் பிளேடுகள் ஃபெதருக்குப் போய்விடும், அடுத்த ஸ்டார்ட் சிக்கலாகும். பறக்கும்போது ஓர் எஞ்சின் நின்றால், ஒரே தண்டு என்பதால் காற்று புரொப்பல்லரையும் முழு எஞ்சினையும் சேர்த்துச் சுழற்ற முயலும். அதன் தடை பயங்கரமானது. அதை உணர்ந்து பிளேடுகளை ஃபெதர் பக்கம் தள்ளும் ஏற்பாடு நிஜத்தில் உண்டு. அந்தக் கணத்தில் சிமுலேட்டர் விமானம் எப்படித் திரும்புகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதைக் கவனிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எக்ஸ்-பிளேன் 11க்கு 2018இல் வந்த ஹாட் ஸ்டார்ட் டி.பி.எம். 900ஐச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெயரே அதன் கொள்கை. வீட்டுச் சிமுலேட்டரில் பி.டி.6க்கு இவ்வளவு மரியாதை கொடுக்க முடியும் என்று எனக்குக் காட்டியது அதுதான். பேட்டரி இறங்குவதும் எஞ்சின் தேய்வதும் அடுத்த நாளுக்குத் தொடர்வதும் அதில் இருந்தன. ஏற்கெனவே எக்ஸ்-பிளேன் 11 வைத்திருப்பவருக்கு இன்றும் அருமையான துணை. புதிதாகத் தொடங்குபவர் தன் பதிப்பில் அது ஓடுமா என்று பார்த்துவிட்டு வாங்கட்டும்.

பழைய எஃப்.எஸ்.எக்ஸ்., பிரிபேர்3டி ஆகிய சிமுலேட்டர்களை வைத்திருப்பவர்களுக்கு மெஜெஸ்டிக் நிறுவனத்தின் கியூ400 இருக்கிறது. ஸ்பைஸ்ஜெட்டில் பறந்தவர்களுக்குத் தெரிந்த விமானம், எஞ்சின் ஒவ்வொன்றும் 5,071 குதிரைத்திறன். அது சிமுலேட்டரின் கணக்கையே நம்பாமல் பறக்கும் கணக்கு முழுவதையும் வெளியே தானே செய்துகொண்டது. புறப்பட 1,020 சுற்று, ஏற 900, சீராகப் பறக்க 850 என்று லீவரை மாற்றும்போது ஒலியும் டார்க்கும் சேர்ந்து மாறுவது இன்றும் மனநிறைவு தரும். ஆனால் அதற்காக மட்டும் இப்போது பழைய மேடையை வாங்கச் சொல்லமாட்டேன். அங்கே பி.எம்.டி.ஜி.யின் ஜெட்ஸ்ட்ரீம் 4100உம் இருக்கிறது, அதுவும் டி.பி.இ.331, வைத்திருப்பவர்கள் அழித்துவிட வேண்டாம்.

பணமே செலவழிக்க முடியாத மாணவர்களுக்கு ஃபிளைட்கியர். முழுக்க இலவசம், சாதாரணக் கணினியிலும் ஓடும். காட்சியில் மைக்ரோசாஃப்டின் அருகே நிற்காது. ஆனால் அதில் எஞ்சினை விவரிக்கும் கோப்பைத் திறந்து படிக்கலாம், எண்ணை மாற்றி மறுபடி பறந்து பார்க்கலாம். பொறியியல் கல்லூரியில் விமானவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் வீட்டில் அமையாது. நான் மேலே சொன்ன 1,900-1,600 கணக்கைப் போட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் தாங்களே திருத்திக்கொள்ளும் சுதந்திரம் வேறு எங்கே கிடைக்கும்?

தேர்வை இப்படிச் செய்யலாம். பி.டி.6 மேல் ஆசை, நல்ல கணினி, நிற்காத இணையம் இருக்கிறது என்றால் மைக்ரோசாஃப்டும் டி.பி.எம். 850உம். நிலக் காட்சி இணையத்திலிருந்து ஓடிவருவதால் இணைப்பு விட்டு விட்டு வரும் ஊர்களில் இது பெரிய விஷயம். அங்கே எக்ஸ்-பிளேன் நிம்மதி. டோர்னியர் வகை எஞ்சினின் உடனடிச் சக்தியும் அதன் பிடிவாதமும் வேண்டுமென்றால் எக்ஸ்-பிளேனும் எம்.யூ.2உம். சென்னை-யாழ்ப்பாணம் போன்ற வழித்தடத்தை அட்டவணைப்படி பறக்க விரும்புபவருக்கு, 2023 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஏ.டி.ஆர். 42, 72. அதில் எஞ்சினை லீவர் அளவில் விமானி செதுக்குவது குறைவு. புறப்பாடு, ஏற்றம், சீரான பறப்பு என்று குமிழைத் திருப்பினால் கணினி பார்த்துக்கொள்ளும், புரொப்பல்லர் 100 சதவீதத்திலிருந்து 82க்கு இறங்கும். நிஜ ஏ.டி.ஆர். விமானியின் வேலையும் அப்படித்தான் இருக்கிறது. அவரது கவனம் வேகம், பனி, இறங்கும் திட்டம் ஆகியவற்றில். எஞ்சினோடு உறவாட விரும்புபவர் அதை முதல் விமானமாக எடுத்தால் ஏமாந்துபோவார்.

எதை வாங்கினாலும் கையில் பிடிக்கும் லீவருக்கு ஒரு பங்கு பணத்தை ஒதுக்கி வையுங்கள். விசைப்பலகையில் பீட்டாவை அளக்க முடியாது. ஐடிலில் ஒரு தடையும், அதைத் தூக்கித் தாண்டினால் பின்னால் இன்னும் சிறிது ஓட்டமும் உள்ள லீவர் அமைப்பைப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் சாதாரண லீவரையே எடுத்து, அதன் ஓட்டத்தில் கீழ்ப்பகுதி கால்பங்கைப் பீட்டாவுக்கும் ரிவர்ஸுக்கும் ஒதுக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். ஐடில் எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்தில் பக்கவாட்டில் ஒரு சிறு துண்டு ரப்பரை ஒட்டிவிடுங்கள். நான் என் பழைய லீவரில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்; விரல் அதில் பட்டதும் கை தானாக நின்றுவிடுகிறது.